கேள்வி முடியும் முன்பே வந்த பதில்

1

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏரியில் ஒரு முறை படகில் சுற்றி, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நடுவில் மான்ட்ஃபோர்ட் பள்ளியைக் கடக்கும்போது கார் ஓட்டுகிறவர் “நடிகர் விக்ரம் படிச்ச ஸ்கூல் சார்” என்பார். 1917-ல் தொடங்கிய பள்ளி. ‘காசி’யில் பார்வையற்ற பாடகராகவும் ‘தெய்வத் திருமக’ளில் குழந்தை மனம் கொண்ட அப்பாவாகவும் நடித்தவர் இங்கே படித்தது தற்செயல்தான். ஆனால் இந்தப் பள்ளியை நடத்தும் துறவற சபைக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கும் இருக்கும் உறவு தற்செயல் இல்லை. அது ஏற்காட்டில் பள்ளி வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

சபையின் பெயர் மான்ட்ஃபோர்ட் புனித கபிரியேல் சகோதரர்கள் சபை. 1716-ல் இறந்த லூயி மான்ட்ஃபோர்ட் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் வழியில் வந்த சிறிய குழு அது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைக் கல்விச் சபையாக வளர்த்தவர் கப்ரியேல் தெஷே. காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அந்த நூற்றாண்டில் புவாத்தியே, லில், நாந்த் என்று பிரான்ஸின் பல ஊர்களில் இந்தச் சகோதரர்கள் காது கேளாத பையன்களுக்கான பள்ளிகளை நடத்தினார்கள். 20-ஆம் நூற்றாண்டு தொடங்கியதும் பிரெஞ்சு அரசு துறவற சபைகளைக் கல்வியிலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. சகோதரர்கள் கப்பலேறினார்கள். 1903-ல் திண்டிவனம், அதன் பிறகு ஏற்காடு. சென்னை அடையாறில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான செயிண்ட் லூயிஸ் நிறுவனத்தை நடத்துவதும் இவர்கள்தான்.

இந்த விஷயம் தெரிந்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. காது கேளாத குழந்தைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இங்கேயும், எதை வைத்து முடிவு செய்தார்கள்? அந்த முடிவுகளுக்கு ஆதாரம் என்று ஏதாவது இருந்ததா? தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு பெரிய தவறும் அதன் திருத்தமும் இதில் இருக்கின்றன. இரண்டுமே ஆய்வகப் பரிசோதனையில் பிறந்தவை அல்ல. இரண்டுமே ‘பார்த்து’ வந்தவை. ஒரே மாதிரியான பார்வை ஒருமுறை ஏன் ஏமாற்றியது, இன்னொரு முறை ஏன் சரியாகக் காட்டியது என்பதுதான் என் ஆர்வம்.

2

1880 செப்டம்பர், இத்தாலியின் மிலான் நகரம். காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு. 164 பேர் வந்திருந்தார்கள். பெரும்பான்மையினர் இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும். பிரான்ஸின் கபிரியேல் சகோதரர்களின் தரப்பும் அங்கே இருந்தது. அத்தனை பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர், வாஷிங்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் டெனிசன் என்ற ஆசிரியர்.

தீர்மானம் இதுதான்: காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும், உதட்டசைவைப் படிக்கவும் வாயால் பேசவும் பழக்க வேண்டும், சைகையை ஒதுக்க வேண்டும். ஆதரவு 160, எதிர்ப்பு 4.

இவ்வளவு பெரிய பெரும்பான்மை எப்படி வந்தது? கண்ணால் பார்த்ததால். மாநாட்டை நடத்தியவர்கள் மிலான் பள்ளிகளின் மாணவர்களை மேடையேற்றினார்கள். ஆசிரியர் கேட்கிறார், குழந்தை உதட்டைப் பார்த்து வாயால் பதில் சொல்கிறது. அரங்கம் உருகிவிட்டது. காது கேளாத குழந்தை பேசுகிறதே, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பார்வையாளர்களில் சிலருக்கு மட்டும் உறுத்தியது. சில குழந்தைகள் கேள்வி முடியும் முன்பே பதிலைத் தொடங்கினார்கள். அதோடு, எந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே கேட்காது, எந்தக் குழந்தை நாலைந்து வயது வரை கேட்டுப் பேசிய பிறகு காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தது, யாருக்குக் கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சமிருக்கிறது என்ற விவரம் எதுவும் தரப்படவில்லை. இந்த மூன்று குழந்தைகளும் கல்வியைப் பொறுத்தவரை வேறு வேறு. ஐந்து வயது வரை தமிழ் பேசிவிட்டுக் கேட்கும் திறனை இழந்த குழந்தைக்குள் ஏற்கனவே ஒரு மொழி இருக்கிறது. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு உதட்டசைவு என்பது தெரியாத மொழியில் ஓடும் ஊமைப்படம்.

ஆக மேடையில் நின்றவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மேடைக்கு வராதவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. நீட் கோச்சிங் சென்டர் வாசலில் ஃப்ளெக்ஸ் பேனரில் சிரிக்கும் 20 முகங்களைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கிற மாதிரிதான். பேனரில் இல்லாத 2,000 பேர் எங்கே என்று கேட்பதுதான் ஆய்வின் முதல் படி. மிலானில் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள்.

விளைவு சிறியதல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளி பள்ளியாகச் சைகை வகுப்பறையை விட்டு வெளியேறியது. காது கேளாத ஆசிரியர்களும் வெளியேறினார்கள். பேசிக் கற்பிக்க முடியாதவருக்குப் பேச்சுப் பள்ளியில் என்ன வேலை? அந்த மிலான் தீர்மானங்களை இதே துறையின் சர்வதேச மாநாடு வான்கூவரில் கூடி வெளிப்படையாக நிராகரித்தது 2010-ல். இடையில் 130 ஆண்டுகள்.

3

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். எங்கள் ஆபீஸில் ஒரு பட்டன் பச்சையா நீலமா என்ற சண்டை வந்தால் ஏ/பி டெஸ்ட் போடுவோம். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பச்சை, பாதிப் பேருக்கு நீலம். யாருக்கு எது என்பதைக் காசு சுண்டுகிற மாதிரி கணினி முடிவு செய்யும். ஒரு வாரத்தில் விடை. மருத்துவத்தில் புது மருந்தைச் சோதிப்பதும் இதே முறையில்தான். குலுக்கல் போடுவதால் இரண்டு குழுவும் மற்ற எல்லா வகையிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். முடிவில் வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் மருந்துதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

சிறப்புக் கல்வியில் முக்கியமான கேள்விகளுக்கு இந்தக் குலுக்கலைப் போட முடியாது. குழந்தைக்கு எந்த வயதில் குறை கண்டுபிடிக்கப்பட வேண்டும், வீட்டில் எந்த மொழி பேச வேண்டும், பெற்றோர் யாராக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆய்வாளர் காசு சுண்டி ஒதுக்க முடியாது. “உங்க பையனுக்குக் காது கேட்கலைங்கறது தெரியும்மா, ஆனா நீங்க லேட்டா கண்டுபிடிக்கிற குரூப்ல இருக்கீங்க, அதனால மூணு வருஷம் கழிச்சுத்தான் சொல்லுவோம்” என்று எந்த மனிதரும் சொல்ல மாட்டார்.

அப்போது மிஞ்சுவது பரிசோதனை செய்யாத ஆய்வு. உலகம் ஏற்கனவே செய்து வைத்திருப்பதைக் கவனமாகப் படிப்பது. ப்ரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் நாங்களும் இதைத்தான் செய்கிறோம். நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது, லாகை உட்கார்ந்து வாசிக்க வேண்டியதுதான். இதில் சில வகைகள் உண்டு. இருப்பதை இருக்கிறபடி விவரிப்பது. பள்ளி முடித்தவர்களைப் பின்தொடர்வது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பது. ஏற்கனவே பிரிந்திருக்கும் இரண்டு குழுக்களை ஒப்பிடுவது. காது கேளாதோர் கல்வியின் வரலாற்றில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

4

முதலில் பின்தொடர்வது. ஆல்ஃப்ரெட் பினே என்ற பெயர் உளவியல் படித்தவர்களுக்குத் தெரியும். 1905-ல் தியோடர் சிமோனுடன் சேர்ந்து முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியவர். சாதாரண வகுப்பில் திணறும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனி உதவி தரவே அது பிறந்தது. இந்தியாவில் இன்றும் பயன்படும் பினே-காமத் சோதனை அதன் வழித்தோன்றல். இதே இருவரும் 1909-ல் எழுதிய இன்னொரு கட்டுரை அவ்வளவு பேசப்படுவதில்லை. அதன் தலைப்பே ஒரு கேள்வி: காது கேளாதவர்களுக்குப் பேச்சைக் கற்பிக்க முடியுமா?

மிலான் தீர்மானத்துக்குப் பிறகு பேச்சு முறையில் படித்து முடித்த ஒரு தலைமுறை அப்போது பாரிஸில் வளர்ந்து நின்றது. பினேவும் சிமோனும் பள்ளிக்குப் போய் மேடை நிகழ்ச்சி பார்க்கவில்லை. படித்து முடித்தவர்களை அவர்கள் வாழும் இடத்தில், வேலை செய்யும் இடத்தில் போய்ப் பார்த்தார்கள். கேட்ட கேள்வி எளிமையானது: இவரால் ஒரு புது ஆளோடு பேச முடிகிறதா? முன்பின் தெரியாதவர் சொல்வது இவருக்குப் புரிகிறதா? இவர் சொல்வது அவருக்குப் புரிகிறதா?

விடை கசப்பானது. நெருங்கிய சிலரோடு, பழகிய சில விஷயங்களைப் பற்றி ஏதோ பேச முடிந்தது. அந்நியரோடு உரையாடல் என்று ஒன்று நடக்கவில்லை. பேச்சுப் பயிற்சி ஒருவிதமான ஆடம்பரக் கல்வி, நடைமுறையில் பலன் குறைவு என்று எழுதினார்கள். ‘இவர்கள் இந்தத் துறையின் ஆட்கள் இல்லை, இவர்களுக்கு என்ன தெரியும்’ என்று காது கேளாதோர் பள்ளிகளின் ஆசிரியர்கள் கொதித்தார்கள். எதுவும் மாறவில்லை.

மிலானில் பார்த்ததும் இதுவும் இரண்டுமே வெறும் பார்வைதான். ஆனால் மிலானில் பள்ளி யாரைக் காட்டியதோ அவரைப் பார்த்தார்கள். பினே பள்ளி காட்டாதவரையும் தேடிப் போனார். மிலானில் அளந்தது, குழந்தை வாயிலிருந்து சத்தம் வருகிறதா என்பதை. பினே அளந்தது, அந்தச் சத்தத்தால் வாழ்க்கையில் ஏதாவது நடக்கிறதா என்பதை. எதை அளக்கிறோம் என்பதிலேயே பாதி ஆய்வு முடிந்துவிடுகிறது.

5

அதே காலத்தில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரி 1890-களில் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கியிருந்தார். இந்தியாவின் முதல் சில பள்ளிகளில் ஒன்று. இன்றும் அவர் பெயரிலேயே இயங்குகிறது. 1906-ஆம் ஆண்டு மிஷன் குறிப்பு ஒன்று அங்கே வழிபாடு பெரும்பாலும் சைகைமொழியில் நடந்ததாகச் சொல்கிறது. காரணமும் அதில் இருக்கிறது. சென்னை மாகாணத்துப் பிள்ளைகள் தமிழ் படித்தார்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் ஆங்கிலம் படித்தார்கள். இரு தரப்பும் ஒன்றாகக் கலந்துகொள்ளக் கூடியதாக இருந்தது சைகை மட்டும்தான். மிலானுக்கு 26 ஆண்டுகள் கழித்து, தாமிரபரணிக் கரையில், தடை செய்யப்பட்ட மொழியில் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. யாரும் இதைக் கொள்கையாக அறிவிக்கவில்லை. கண்ணெதிரே வேலை செய்ததை விடாமல் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வங்காளத்தில் நிலைமை வேறு. 1928-ல் எச்.சி. பானர்ஜி என்பவர் டாக்கா, பாரிசால், கல்கத்தா ஆகிய மூன்று ஊர்களின் உறைவிடப் பள்ளிகளுக்குப் போனார். மூன்றிலும் ஆசிரியர்கள் சைகையை ஊக்குவிக்கவில்லை. ஆனால் மூன்றிலும் சைகை செழித்து வளர்ந்திருந்தது. பானர்ஜி அதைக் குறைகூறிவிட்டுத் திரும்பவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் எந்தச் சொல்லுக்கு என்ன சைகை என்று எழுதிக்கொண்டு, மூன்றையும் ஒப்பிட்டு, அசைவுகளை வார்த்தையில் விவரித்துப் பட்டியலாகச் சேர்த்தார். விவரிக்கும் ஆய்வு என்றால் இதுதான். எந்த முறை சிறந்தது என்று அவர் நிரூபிக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் ஒரு பெரிய தகவலைத் தாங்கி நின்றது. யாரும் சொல்லித் தராமல், தடையை மீறி, குழந்தைகள் ஒரு விஷயத்தைத் தாங்களே உண்டாக்கிப் பரப்புகிறார்கள் என்றால் அவர்களுக்கு அது தேவைப்படுகிறது.

இதைப் படித்தபோது என் பெரியம்மா மகன் ஞாபகம் வந்தார். அண்ணனுக்குப் பிறவியிலேயே கேட்காது. எண்பதுகளின் கடைசியில் ஒரு காது கேளாதோர் உறைவிடப் பள்ளியில் படித்தவர். வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு ஆசிரியரின் உதட்டைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் விடுதிக்கு வந்தால் கை அவிழ்ந்துவிடும். கணக்கைக்கூட விடுதியில் சீனியர் பையன்கள் கையால் சொல்லிக் கொடுத்துத்தான் புரிந்தது என்று பின்னாளில் என்னிடம் எழுதிக் காட்டினார். வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. பெரியப்பா கடைசி வரைக்கும் அவரிடம் சத்தமாகப் பேசினார், சத்தமாகப் பேசினால் கேட்டுவிடும் என்பதுபோல. கல்யாண வீடுகளில் அண்ணன் பந்திக்குப் பின்னால் தன் இரண்டு நண்பர்களோடு நின்றிருப்பார். மண்டபத்திலேயே அதிகம் பேசிக்கொண்டிருப்பவர்கள் அந்த மூன்று பேராகத்தான் இருக்கும். ‘மொழி’ படம் வந்த 2007-ல் வீட்டில் எல்லோரும் ஜோதிகாவின் கைகளை ரசித்தார்கள். அண்ணனின் கைகளை அதற்கு முன்பும் பின்பும் யாரும் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை, என்னையும் சேர்த்து.

6

சைகை ஒரு முழு மொழியா, இல்லை வெறும் அபிநயமா என்ற சண்டையை 1960-ல் வில்லியம் ஸ்டோக்கி தொடங்கி வைத்தார். வாஷிங்டன் கேலோடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். மாணவர்களின் சைகைகளைப் பிரித்துப் பார்த்து, கையின் வடிவம், இடம், அசைவு என்று அவற்றுக்கு உறுப்புகள் இருப்பதைக் காட்டினார். அதுவும் பார்த்து எழுதியதுதான். ஆனால் வகுப்பறைக்குத் தேவைப்பட்ட கேள்வி வேறு: சைகையோடு வளரும் குழந்தை படிப்பில் மேலேறுமா, பின்தங்குமா?

இதற்குக் குலுக்கல் போட முடியாது. ஆனால் இயற்கை ஒரு பிரிவினையைச் செய்து வைத்திருந்தது. காது கேளாத குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். மிச்சமிருக்கும் சிலர் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தச் சிறு கூட்டத்தின் வீட்டில் பிறந்த நாளிலிருந்தே சைகை ஓடுகிறது. அம்மா திட்டுவதும் கொஞ்சுவதும் கையால்தான்.

பேச்சு முறையின் வாதப்படி இந்தக் குழந்தைகள்தான் மிக மோசமாகப் படிக்க வேண்டும். சைகை தெரிந்தால் சோம்பேறியாகிப் பேச மாட்டார்கள், மொழி வராது என்பதே வாதம். 1964-ல் கலிஃபோர்னியா காதுகேளாதோர் பள்ளியின் எல்வுட் ஸ்டீவன்சன் தன் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டினார். காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் மற்றவர்களை முந்தியிருந்தார்கள். 1966-ல் ஸ்டக்லெஸ், பர்ச் இருவரும் செய்த ஒப்பீட்டிலும் அவர்கள் வாசிப்பில் மேலே; பேச்சுத் தெளிவிலோ இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. சைகை பேச்சைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

1968-ல் கேத்ரின் மெடோ இன்னும் கவனமாகச் செய்தார். சும்மா இரண்டு குழுக்களை ஒப்பிட்டால் ‘அந்தக் குழுவில் புத்திசாலிகள் அதிகம் இருந்திருக்கலாம்’ என்று யாரும் சொல்லலாம். அதனால் வயது, பாலினம், நுண்ணறிவு மதிப்பெண் போன்றவற்றில் ஒத்துப்போகிற குழந்தைகளை ஜோடி சேர்த்தார். ஒருவருக்குக் காது கேளாத பெற்றோர், மற்றவருக்குக் கேட்கும் பெற்றோர். மொத்தம் 59 ஜோடிகள். வாசிப்பில் முதல் குழு 2 ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் நின்றது. கணக்கில் 1 ஆண்டுக்கும் மேல்.

அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது. கேட்கும் பெற்றோரின் பிள்ளைகள் பலருக்கு மூளைக்காய்ச்சலாலும் குறைப்பிரசவத்தாலும் காது போயிருக்கும். அதே நோய் மூளையையும் தொட்டிருந்தால்? அப்படியென்றால் வித்தியாசத்துக்குக் காரணம் சைகை இல்லை, நோய். 1970-ல் மெக்கே வெர்னனும் சூன் கோவும் இந்த ஓட்டையை அடைத்தார்கள். இரண்டு பக்கத்திலும் மரபணுவால் கேட்கும் திறனை இழந்த பிள்ளைகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டார்கள். முன்னிலை அப்படியே இருந்தது.

பரிசோதனை இல்லாத ஆய்வு முன்னேறும் விதத்தை இதில் பார்க்கலாம். ஒரே ஆய்வு எதையும் நிரூபிப்பதில்லை. ஒருவர் ஒரு தொடர்பைக் கண்டால் அடுத்தவர் ‘வேறு காரணம் இருக்கலாமே’ என்கிறார். அதற்கடுத்தவர் அந்த வேறு காரணத்தை விலக்கிவிட்டு மறுபடி பார்க்கிறார். பத்து ஆண்டுகளுக்குள் மாற்றுக் காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன.

எண்ணினாலே உண்மை வந்துவிடும் என்றும் இல்லை. 1883-ல் டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் காது கேளாதோர் பள்ளிகளின் பதிவேடுகளில் ஒரே குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் திருமணம் செய்துகொண்டால் காது கேளாத மனித வகையே உருவாகிவிடும் என்று எச்சரித்தார். பள்ளிப் பதிவேட்டில் கேட்கும் குழந்தைகள் இருக்க மாட்டார்கள் என்ற சிறிய விஷயம் அவர் கணக்கில் சரியாக ஏறவில்லை. 1898-ல் எட்வர்ட் ஆலன் ஃபே 4,000-க்கும் மேற்பட்ட திருமணங்களின் விவரத்தைத் திரட்டி, பெரும்பாலான தம்பதியருக்குக் கேட்கும் குழந்தைகளே பிறப்பதைக் காட்டினார். மோசமான எண்ணிக்கையைத் திருத்தியது அதைவிட நல்ல எண்ணிக்கை.

7

1970-களில் அமெரிக்கப் பள்ளிகள் மளமளவென்று மாறின. பேச்சு, சைகை, எழுத்து, செவிக்கருவி எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் ‘முழுமைத் தொடர்பு’ முறை வந்தது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 2000-ல் வெளியான தேசிய அளவிலான தேர்வு முடிவுகளின்படி பள்ளி முடிக்கும் வயதில் இருந்த காது கேளாத மாணவர்களில் பாதிப் பேரின் வாசிப்பு நாலாம் வகுப்பு அளவைக்கூட எட்டவில்லை.

ஏன்? இந்த இடம்தான் ஆசிரியர்களுக்கு மிக முக்கியம் என்று நினைக்கிறேன். மெடோவின் ஆய்வு காட்டியது ஒரு மூட்டையை. காது கேளாத பெற்றோரின் வீடு என்ற அந்த மூட்டைக்குள் பல பொருட்கள் உண்டு. சைகைமொழி இருக்கிறது. அது பிறந்த நாளிலிருந்தே கிடைக்கிறது. அதைச் சரளமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்குக் கேட்காது என்று தெரிந்ததும் இடிந்துபோகாத அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். பள்ளிகள் இந்த மூட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த ஒரு பொருளை, கையை, மட்டும் எடுத்துக்கொண்டன. அஞ்சு ஆறு வயதில் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு, தானே அரைகுறையாகக் கற்ற ஆசிரியர், பேச்சோடு சேர்த்துச் சில சைகைகளைக் காட்டினார். மூட்டையின் மற்ற பொருட்கள், குறிப்பாகக் காலம், வெளியே நின்றுவிட்டது.

காலத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர் கொலராடோவின் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ. 1998-ல் வெளியான ஆய்வில் 150 குழந்தைகள். 72 பேருக்கு 6 மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி தொடங்கியிருந்தது. 78 பேருக்கு அதற்குப் பிறகு. முதல் குழுவின் மொழி வளர்ச்சி தெளிவாக மேலே இருந்தது. குடும்ப வருமானம், கேட்கும் திறனின் அளவு, பேச்சா சைகையா என்ற தேர்வு என்று எந்தப் பக்கம் பிரித்துப் பார்த்தாலும் வித்தியாசம் நின்றது. இதிலும் குலுக்கல் இல்லை. ஆனால் பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் கேட்கும் திறன் பரிசோதனை வேண்டும் என்ற கொள்கைக்கு இது பெரிய பலமானது. பேச்சா சைகையா என்று 100 ஆண்டுகள் சண்டை போட்டவர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க மறந்திருந்தார்கள்.

8

இந்தியாவுக்கு வருவோம். 1977-ல் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் வுட்வர்ட், கிர்க் வில்சன் மூவரும் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூரு ஆகிய நகரங்களில் காது கேளாதவர்களின் சைகைகளைத் திரட்டினார்கள். வசிஷ்டா இமாச்சலப் பிரதேசத்துக் கிராமத்தில் பிறந்து 11 வயதில் கேட்கும் திறனை இழந்தவர். அவர்கள் திரட்டிய சொற்களில் ஏறத்தாழ 75 சதவீதம் ஊருக்கு ஊர் உறவுடையதாக இருந்தது. பானர்ஜி மூன்று விடுதிகளில் பார்த்தது நாடு முழுவதும் ஓடும் ஒரு மொழியின் கரை. இந்தியச் சைகைமொழிக்கான அரசு மையம் டெல்லியில் வந்தது 2015-ல். 2018-ல் அது 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021-ல் 10,000 சொற்களானது.

அகராதி வந்துவிட்டது. அது மலையேற வேண்டும். ஏற்காடு ஒன்றியத்தில் 60-க்கும் மேற்பட்ட மலைக் கிராமங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வெள்ளக்கடை. மலையாளிப் பழங்குடியினரும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும் வாழும் ஊர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கேட்கும் குறை உள்ளவர்கள் 50 லட்சம் பேர். மலை என்பதால் இந்த எண் விலகிப் போய்விடாது. பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீட்டுக்கே சிறப்பாசிரியர் போகும் ஏற்பாடு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் இருக்கிறது. மதுரைக்கோ சென்னைக்கோ பொருந்தும் ஆய்வை அப்படியே தூக்கிக்கொண்டு அந்த ஆசிரியர் மலையேற முடியாது. ஒரு வட்டாரத்தில் மூன்றோ நான்கோ குழந்தைகளை வைத்துக் குலுக்கல் போடவும் முடியாது.

ஆனால் மேலே சொன்ன வரலாறு அவருக்குச் சில பழக்கங்களைத் தருகிறது. யாராவது ஒரு புது முறையைக் கொண்டுவந்து வீடியோ போட்டுக் காட்டினால், வீடியோவில் இல்லாத குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று கேட்கலாம். ஒரு ஆய்வு ‘இதைச் செய்த குழந்தைகள் முன்னேறினார்கள்’ என்று சொன்னால், அந்தக் குழந்தைகளுக்கு வேறு என்னவெல்லாம் வாய்த்திருந்தது என்று மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம். அதை நாளைக்கே தன் மாணவருக்கு நிரூபணமான மருந்துபோலக் கொடுக்காமல், ஒரு நல்ல யூகமாக எடுத்துச் சில வாரம் செய்து, குறித்துவைத்து, பலன் இல்லையென்றால் விடலாம். பள்ளிக்குள் குழந்தை என்ன சொல்கிறது என்பதோடு, பினே செய்த மாதிரி, கடைக்குப் போனால் அந்தக் குழந்தையால் என்ன செய்ய முடிகிறது என்றும் பார்க்கலாம்.

குறிப்பேட்டில் வழக்கமான பதிவுகளோடு மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மாதத்தில் குறை தெரிய வந்தது. வீட்டில் எத்தனை பேர் அந்தக் குழந்தையோடு ஒரு முழு வாக்கியம் பேசிக்கொள்ள முடியும், கையாலோ வாயாலோ. இதுவரை அந்தக் குழந்தை இன்னொரு காது கேளாத மனிதரைச் சந்தித்திருக்கிறதா. தொழுவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அஞ்சு நிமிஷத்தில் கேட்டு எழுதிவிடக்கூடிய கேள்விகள். பத்து வருஷம், பத்து ஒன்றியம் சேர்ந்தால் அது ஒரு ஆய்வு. அதற்கு முன்பே, மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வருகிற வீட்டில், அடுத்த வாரம் கீழே சேலத்திலிருந்து காது கேளாத ஓர் அக்காவையோ அண்ணனையோ பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போக யாருடைய அனுமதியும் தேவையில்லை.